அப்பு டேங்க் நிறுத்தம்

கடன் வாங்கிக் கட்டிய தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் யாருடையது? கடன் கொடுத்த அரசாங்கத்தினுடையதா, வாங்கிய நகராட்சியினுடையதா, குழாயைத் திறந்து குடம் வைக்கிறவருடையதா? பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் நான். எனக்குத் தெரியாது. சென்ற மாதம் சித்தூர் மாவட்டத்தில் ஒரு சந்தில் நின்றபோது இதை என்னிடம் நேரடியாகவே கேட்டார்கள். அங்கேயும் தெரியாது என்றுதான் சொன்னேன்.

போனதற்குக் காரணம் என் தோழி வசந்தா. கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறாள். அவள் பஸ்ஸில் திருப்பதி போனபோது, நகரியைத் தாண்டி ஓரிடத்தில் நடத்துநர் “அப்பு டேங்க் எறங்கு” என்று கூவியிருக்கிறார். அப்பு என்றால் நீர். பிருதிவி, அப்பு, தேயு என்று பழைய நூல்கள் அடுக்குகின்றனவே, அந்த அப்பு. திருவானைக்காவில் இருப்பது அப்புலிங்கம். தமிழ்நாட்டில் புலவர்களே கைவிட்ட சொல் ஆந்திராவில் பஸ் நிறுத்தமாக உயிரோடு இருக்கிறது என்று வசந்தா கட்டுரை எழுதத் தயாராகிவிட்டாள். படம் மட்டும் வேண்டுமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. அப்பு என்று ஒரு கவுன்சிலர் இருந்திருப்பார், தொட்டிக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டிருப்பார் என்றேன். நாங்கள் இருவர் நினைத்ததுமே தவறு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூரில் காலை 6.50க்குப் புறநகர் ரயில், திருத்தணி வரை இருபது ரூபாய். கிருத்திகை நாளில் மட்டும் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். காவடிகளுக்கு இடையில் ஒற்றைக் காலில் நிற்க நேரும். திருத்தணியிலிருந்து நகரி 17 கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ஆட்டோ ஓட்டுநர் பாபு, தமிழர். “குந்துங்க மேடம். அப்பு டேங்க்ல இன்னா கீது பாக்கறதுக்கு?”

பெயரைப் பார்க்க வந்தேன் என்றேன்.

“பேரா? அதுக்குப் பேரே கெடையாது. யாரு பேரு வெக்கறதுன்னு ரெண்டு கட்சிக்கும் சண்ட. அப்பு எட்த்துக் கட்னாங்க, ஜனங்க அப்பு டேங்க்னு சொல்லிக்கினு கீறாங்க.”

“அப்பு என்றால்?”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அப்புன்னா லோன். தெலுகுல கடன், மேடம். மேடத்துக்கு தெலுகு வராதா?”

வசந்தாவுக்குச் செய்தி அனுப்பினேன். “நன்றாக விசாரித்தாயா?” என்று வந்தது.

தொட்டி வெளிர்நீலம், புத்தம் புதிது, பெயர்ப்பலகைக்கு விட்ட இடம் காலி. படம் எடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். மதியச் சாப்பாடு முடிந்து நிழல் தேடி எதிர்ச் சந்துக்குப் போனேன். சந்து முழுக்க விசைத்தறி. நெய்கிறவர்கள் எல்லாம் தமிழர்கள். சந்து முனையில் ஒரு வீட்டுப் படிக்கட்டைச் சுற்றிக் கூட்டம். நடுவில் நகராட்சியின் இளம் பொறியாளர் சுதாகர், கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்ததால், வெளியூர்க்காரியான என்னிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். குறைந்த வட்டிக்கு மத்திய அரசு மாநிலத்துக்குக் கடன் தருகிறது. மாநிலம் அதை நகராட்சிக்குத் தருகிறது. நகராட்சி தண்ணீர் வரி வசூலித்து இருபது வருடத்தில் அடைக்க வேண்டும். எல்லாத் தெருவுக்கும் குழாய் போனால்தான் கடைசித் தவணை வரும். ஊரில் குழாய் போகாதது இந்த ஒரு சந்துதான். முனை வீட்டின் சிமெண்டுப் படிக்கட்டு குழாய் போகும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் முனிரத்தினம் உடைக்க விடமாட்டேன் என்கிறார். மாலை ஐந்து மணிக்குள் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் பள்ளம் தோண்டும் இயந்திரத்தை லாரியில் ஏற்றி வேறு ஊர் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். திரும்ப எப்போது வரும்? “மழைக்கு அப்புறம்” என்றார். எந்த மழை என்று சொல்லவில்லை.

சந்துக்கு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் டேங்கர் லாரி. தறி ஓடும் சத்தத்தில் அதன் ஹார்ன் யாருக்கும் கேட்காது. அதனால் முறை வைத்து ஒரு பெண் தன் தறியை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தவருக்கு அன்றைய கூலி போச்சு. அன்று முறை முனிரத்தினத்தின் மனைவி கஸ்தூரிக்கு.

முனிரத்தினத்தின் தடையும் சாதாரணமானதல்ல. தறி வாங்கிய கடன் அவரை எட்டு வருடம் ஆட்டி வைத்திருக்கிறது. அதை அடைத்து முடித்த கையோடு திருமலை ஏறி, மொட்டை போட்டு, “இனிமே என் வாசல்ல அப்பு ஏறாது” என்று ஏழுமலையானிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறார்.

“அண்ணா, இது மீ அப்பு காது. உங்க அப்பு இல்ல. முனிசிபாலிடி அப்பு” என்றார் சுதாகர்.

“யாரு அப்புவா இருந்தா இன்னா சார்? என் வாசப்படி கீழதானே போவுது? ஏழுமலையானே கண்ணாலத்துக்கு வாங்கன அப்புக்கு இன்னும் வட்டி கட்டிக்கினு கீறாரு. அவருக்குத் தெரியாதா அப்புன்னா இன்னான்னு?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க மேடம். கடன் வாங்கிக் கட்ன தொட்டி. அதுல வர்ற தண்ணி யாருது?”

தெரியாது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். எதற்கு வந்தீர்கள் என்று சுதாகர் கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வது என் பழக்கம். பழைய தமிழில் அப்பு என்றால் தண்ணீர், அந்தச் சொல்லைத் தேடி வந்தேன் என்றேன்.

கஸ்தூரி எழுந்து வந்தாள். “இன்னாக்கா சொன்னீங்க?”

மறுபடி சொன்னேன்.

“அடப்பாவி மனுசா! அப்போ வாசல்ல தண்ணி ஏறாதுன்னா நேந்துக்கினு வந்த? அதான் மூணு நாளிக்கி ஒருதபா வர்து! சாமி கரெக்டாதான்யா செஞ்சிக்கினு கீறாரு!”

சந்தே சிரித்தது. முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. “நான் சொன்னது தெலுகு அப்பு” என்றார்.

“நேந்துக்கசொல்ல எந்த பாஷைல நேந்துக்கின?”

“தமிழ்லதான். சாமிகிட்ட நான் தெலுகு பேசனதில்ல.”

“தமிழ்ல அப்புன்னா தண்ணியாமே!”

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்படீன்னா ரெண்டுமே ஏறக்கூடாது” என்றார். ஏற்கெனவே ஒரு காரணத்துக்காக மறுத்தவருக்கு இன்னொரு காரணத்தையும் பட்டணத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தேன். குழாயை உடைத்தவளைப் பார்ப்பது போல சுதாகர் என்னைப் பார்த்தார். தெருக்கோடியில் இயந்திரத்தை லாரியில் ஏற்றப் பலகை சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

கஸ்தூரி அதைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். “இன்னான்னு நேந்துக்கின? இன்னொருதபா சொல்லு.”

“என் வாசல்ல அப்பு ஏறாது.”

“உனுக்கு ஏதுய்யா வாசலு? கடங்காரன் எட்த்துக்குவான்னு வூட்ட என் பேர்ல எழ்தி வெச்சியே, மறந்துட்டியா? வாசல் என்னுது. நான் எந்த சாமிகிட்டயும் எதுவும் நேந்துக்கல. சார், ஒடைங்க படிய.”

முனிரத்தினம் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். “படி?” என்றார்.

“படியும் என்னுது.”

“அப்ப நான் எங்க குந்தறது?”

“தறிகிட்ட குந்து. ரெண்டு மொழம் கூட ஓடும்.”

சுதாகர் லாரியை நோக்கி ஓடினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, “ரேபு பொத்துன” என்றார். நாளைக் காலை. இந்தியாவில் எந்த மொழியில் சொன்னாலும் நான் நம்பாத சொல் அது. முனிரத்தினம் மறுநாளும் அடங்கியிருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. பார்த்துவிட்டே போவது என்று முடிவு செய்தேன்.

அங்கே தங்க இடமில்லை. பஸ்ஸில் திருப்பதி போனேன். ஒன்றரை மணி நேரம், எழுபது ரூபாய். விடுதி அறை தொள்ளாயிரம். மேலாளர், “தரிசனம் டிக்கெட் இருக்கா அம்மா?” என்றார். தரிசனத்துக்கு வரவில்லை, தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தேன் என்றேன். புஷ்கரிணியா என்றார். இல்லை என்றேன். தனியாக வந்திருக்கும் பெண்ணின் மேல் அவருக்கு இரக்கம் பிறந்துவிட்டது. சூடான பால் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். குடிநீர் கொண்டு போங்கள். நகரி பஸ் நிலையத்தருகே தோசை நன்றாக இருக்கிறது, சட்னி காரம் அதிகம். வெறுமனே அப்பு டேங்க் என்று கேட்காதீர்கள். அந்த வட்டாரத்தில் கடன் வாங்காத நகராட்சி குறைவு என்பதால் எங்கே இறக்கிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு சொல்லின் பொருளை உறுதியாக அறிந்தவர்கள் எல்லை தாண்டும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. கடனில் கட்டுவது சரியா என்று இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் முன்பு கேட்டிருந்தார். வீட்டையே மனைவி பெயரில் எழுதிவிட்டுத் தறிக்குக் கடன் வாங்கியவர்கள் வாழும் ஊரில் அதற்கு நான் எந்த முகத்தோடு தீர்ப்புச் சொல்வது?

மறுநாள் நடந்தது இது. காலையில் வர வேண்டிய ஆட்கள் பதினொன்றேகாலுக்கு வந்தார்கள். படி நான்கே அடியில் உடைந்தது. முனிரத்தினம் வீட்டில் இல்லை; பிடிக்காமல் எங்கோ போய்விட்டார் என்று நினைத்தோம். மாலை நாலரைக்குக் குழாய் முதலில் சீறியது, பிறகு செம்மண்ணாகக் கொட்டியது, பிறகு தெளிந்தது. கஸ்தூரி இரண்டாவது குடத்தை வைத்திருந்தபோது அவர் நகராட்சி அலுவலகத்திலிருந்து ரசீதோடு வந்து சேர்ந்தார். ஒரு வருடத் தண்ணீர் வரியை முன்கூட்டியே கட்டியிருந்தார்.

“மொத்தமும் கட்டிட்டேன். இப்ப முனிசிபாலிடிதான் எனுக்கு அப்பு பாக்கி” என்று சந்துக்கே கேட்கும்படி சொன்னார்.

கஸ்தூரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ரசீதை வாங்கினாள். அதிலிருந்த தன் பெயரைப் படித்தாள்.

“எனுக்கு” என்றாள். அடுத்த குடத்தை நகர்த்தி வைத்தாள்.