அமுக்கினால் ஓடும் வண்டி

போர்ட் பிளேரில் வண்டி திருடுகிறவன் என்று ஒருத்தன் இருந்தால் அவன் சுத்த மடையனாகத்தான் இருக்க வேண்டும். திருடி எங்கே கொண்டு போவான்? எந்தப் பக்கம் ஓட்டினாலும் கடைசியில் கடல்தான். கப்பலில் ஏற்றலாம் என்றால் ஜெட்டியில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் தன் பழைய வேனுக்கு அலாரமும், தூரத்தில் நின்றே இன்ஜினைக் கிளப்புகிற ரிமோட்டும் வேண்டும் என்று சுரேந்திரன் வந்து நின்றபோது, ஜங்லிகாட்டில் கார் சாமான் கடை வைத்திருக்கும் பக்தவத்சலம் வாய்விட்டுச் சிரித்ததில் தப்பே இல்லை.

"தம்பி, உன் வேனை நீயே சும்மா குடுத்தாக்கூட ஒருத்தனும் வாங்க மாட்டான். சீட் கவர் மாத்திக்கோ, போ."

"திருடனுக்கு இல்ல முதலாளி," என்றான் சுரேந்திரன். "பூமி ஆடுனா கத்தணும். நாங்க எழும்பி வெளிய வர்றதுக்குள்ள இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கணும். அப்படி ஒன்னு காட்டுங்க."

பக்தவத்சலம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சுரேந்திரன் சுனாமி வாரிக்கொண்டு போன கட்சால் தீவுக்காரன் என்பது அவருக்குத் தெரியும். கட்சால்காரர்களிடம் பூமி ஆடுவதைப் பற்றி யாரும் சிரித்துப் பேசுவதில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, கட்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்து இறங்கிய குடும்பம் சுரேந்திரனுடையது. அப்போது அவன் கைக்குழந்தை. வளர்ந்து, அதே தோட்டத்தில் டிராக்டர் டிரைவரானான். பால்வெட்டும் முத்துவீரனின் மகள் ராஜகுமாரியைக் கட்டிக்கொண்டான். பிள்ளைகள் இல்லை என்பதைத் தவிர அவர்களுக்குப் பெரிய குறை ஒன்றும் இருக்கவில்லை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமி ஆடி முடிந்ததும், காலில் அடிபட்டுக் கிடந்த மாமனாரையும் மனைவியையும் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "இங்கயே நில்லுங்க, டிராக்டர எடுத்துக்கிட்டு வந்துர்றேன்" என்று டிராக்டர் ஷெட்டுக்கு ஓடினான். டிராக்டர் கிளம்பவில்லை. சாவியைத் திருகத் திருக முக்கியது, முனகியது, பற்றிக்கொள்ளவே இல்லை. கடைசியில் அது உறுமிக் கிளம்பியபோது கடல் வீட்டைத் தாண்டிப் போயிருந்தது. ராஜகுமாரி ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். முத்துவீரன் கிடைக்கவே இல்லை.

அன்றிலிருந்து சுரேந்திரனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். டிராக்டர் ஒழுங்காகக் கிளம்பியிருந்தால் மாமா பிழைத்திருப்பார். முகாமில் கிடந்தபோதும், போர்ட் பிளேரில் ஒரு அரசு அலுவலகத்தில் டிரைவர் வேலை கிடைத்து ஷாதிபூரில் வாடகைக்கு வீடு பிடித்தபோதும், ஞாயிற்றுக்கிழமைகளில் டூரிஸ்டுகளை வண்டூர் பீச்சுக்கு ஏற்றிப்போகச் செகண்ட் ஹேண்டில் வேன் வாங்கியபோதும் அந்த எண்ணம் அவனைவிட்டுப் போகவில்லை. ராஜகுமாரி என்ன நினைத்தாள் என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. லேசாகத் தரை அதிர்ந்தாலும் தலைவிரி கோலமாக வாசலுக்கு ஓடி வந்து நிற்பாள், அவ்வளவுதான். தூக்கம் என்பது அவளுக்குப் பேருக்குத்தான்.

சுனாமிக்கு ஏழு வருஷம் கழித்து, கோத்தகிரியிலிருந்து அவள் தங்கை ஜெயமணி போன் மேல் போன் போட்டாள். "இங்க வந்துருக்கா. சுத்தி மலதான். கடல்னு ஒன்னு இருக்குறதே மறந்துபோகும்." ராஜகுமாரி முதலில் மழுப்பினாள். பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "மே மாசக் கப்பல்ல எனக்கு மட்டும் டிக்கெட் போடுங்க. மெயின்லேண்ட்ல கொஞ்ச நாள் இருந்து பாக்குறேன்" என்றாள். கொஞ்ச நாள் என்று போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று சுரேந்திரனுக்குத் தெரியும். அரசு வேலையை விட்டுவிட்டு அவனால் போக முடியாது. அவள் இல்லாமல் இங்கே இருக்கவும் முடியாது. பயத்தைப் போக்கிவிட்டால் அவள் போக மாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் ஜங்லிகாட் கடைக்கு வந்து நின்றான்.

பக்தவத்சலம் மூன்று டப்பாக்களை எடுத்து மேஜை மேல் வைத்தார். முதலாவது வெறும் அலாரம். யாராவது தொட்டால் கத்தும், கதவைப் பூட்டும், அதோடு சரி. "இத வாங்கிட்டுப் போ, நிம்மதியா இருப்ப" என்றார். சுரேந்திரன் அதைக் கையால்கூடத் தொடவில்லை. மற்ற இரண்டிலும் அலாரத்தோடு ரிமோட் ஸ்டார்ட்டும் இருந்தது.

"தம்பி, இது ஆட்டோமேட்டிக் வண்டிக்குன்னு பண்ண சாமான். உன்னோடது கியர் வண்டி. கியர்ல கிடக்கும்போது அமுக்கினியானா வண்டி அப்படியே தவளை மாதிரி எகிறிடும். புரியுதா? நியூட்ரல்ல விட்டு ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் நிறுத்தணும்."

இங்கேதான் சிக்கல். போர்ட் பிளேர் முழுக்க ஏற்றமும் இறக்கமும். உப்புக்காற்றில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து எப்போது அறுந்து தொலையும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த ஊர் டிரைவர்கள் யாரும் ஹேண்ட்பிரேக்கை நம்புவதில்லை. ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, டயருக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். வண்டியை ஃபெரியில் ஏற்றினாலும் அதே கதைதான். நியூட்ரலில் நிறுத்துகிறவனை, புதுசாக மெயின்லேண்டிலிருந்து இறங்கியவன் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

"அந்தப் பயம் வேணாம்னா இத எடு" என்று இரண்டாவது டப்பாவைத் தட்டினார் பக்தவத்சலம். அதில் ஒரு காவல் இருந்தது. வண்டியை நிறுத்தும்போது நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இன்ஜின் ஓட ஓடச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கதவைச் சாத்தியதும் அதுவே இன்ஜினை அணைத்துக்கொள்ளும். அப்படி நிறுத்தினால்தான் அடுத்த முறை ரிமோட்டில் கிளம்பும். நடுவில் யாராவது கதவைத் திறந்துவிட்டால்கூடக் கிளம்பாது. மூன்றாவது டப்பாவில் இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. அமுக்கினால் கிளம்பும்.

"எல்லாம் சரியாப் பண்ணிட்டு, கடைசியில மறந்த சாமான எடுக்கக் கதவத் தொறந்துட்டேன்னு வைங்க. அப்புறம் அமுக்குனா?"

"ஓடாது. சேஃப்டிப்பா."

"ஓடாதா?"

"ஓடாது."

முக்கி முனகி நின்ற ஒரு டிராக்டரைச் சுரேந்திரன் காலமெல்லாம் மனசில் ஓட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு முறை ஓடாத வண்டிக்கு அவன் காசு கொடுக்க மாட்டான். "மூனாவதக் குடுங்க. எப்ப அமுக்குனாலும் ஓடணும். நியூட்ரல்ல விடுறது என் பொறுப்பு." பக்தவத்சலம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். அவன் பிடித்த பிடியில் நின்றான். சரி, உன் வண்டி, உன் தலையெழுத்து என்று மாட்டிக் கொடுத்தார். அதிர்வைக் கண்டுபிடிக்கிற சின்னத் திருகாணியை, அவன் கேட்டபடியே ஆகக் கடைசி வரைக்கும் முறுக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு ஷாதிபூரில் அந்தச் சந்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. பஸ் போனால் வேன் கத்தியது. மேல் வீட்டில் மிளகாய் இடித்தால் கத்தியது. நாய் உரசினால் கத்தியது. பக்கத்து வீட்டு ஒச்சம்மா முழங்கால் வலியோடு நொண்டி நொண்டி வந்து, "அடியே ராஜகுமாரி, உங்க வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கா? ஒரு எலுமிச்சம்பழமாவது நசுக்கிப் போடச் சொல்லுடி உன் புருஷன" என்று கத்திவிட்டுப் போனாள். சுரேந்திரன் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினான். ஆனால் ரிமோட்டைப் பற்றி அவனுக்கு ஏகப் பெருமை. புதுக் கேபிள் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, நியூட்ரலில் விட்டு, தினமும் காலையில் வாசலில் நின்றபடி அமுக்கிக் காட்டுவான். வேன் தானாக உறுமும். சந்தே வேடிக்கை பார்க்கும். வீட்டுக்குள் புகை வருகிறது என்று ஒச்சம்மா சண்டைக்கு வந்த பிறகு காலைக் கச்சேரி நின்றுபோனது.

இரண்டு ரிமோட்டில் ஒன்றை அவன் ராஜகுமாரியிடம் கொடுத்தான். அவள் அதைத் தாலிச் சரட்டில் ஊக்கால் குத்திக்கொண்டாள்.

"ஆடுனா ஜல்தி ஜல்தி இத அமுக்கு. நீ செருப்பு மாட்டுறதுக்குள்ள வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்."

"ஓட்டுறது யாரு?"

"இதென்ன கேள்வி? நான்தான்."

"நீங்க டூட்டியில இருந்தா?"

"ஊருக்குள்ளதான இருப்பேன்? நீ வண்டிக்கிட்ட நில்லு, நான் வந்துர்றேன்."

ராஜகுமாரி அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். கட்சாலில் சொன்ன அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்லியிருக்கிறோம் என்பது அவன் புத்தியில் உறைக்கவில்லை. மே மாசக் கப்பல் பற்றி மறுபடி அவள் பேச்செடுக்காததால், மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவள் தானாகவே போய் டிக்கெட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தது அவனுக்குத் தெரியாது.

ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை மதியம் சுரேந்திரன் ஆபீஸ் ஜீப்பை மர நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். ஜீப் ஆடியது. யாரோ பின்னால் பிடித்து ஆட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கரண்டுக் கம்பிகள் ஊஞ்சலாடின. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவே இல்லை. மாடியிலிருந்து எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில், "சுனாமி வார்னிங் ஆயா ஹை!" என்று ஒருத்தர் ஹிந்தியில் கத்தினார். போனைப் போட்டான். லைன் போகவில்லை. யாரிடமும் கேட்காமல் ஜீப்பை எடுத்தான். ஜனங்கள் மேட்டைப் பார்த்து ஓட, அவன் மட்டும் பள்ளத்தைப் பார்த்து ஓட்டினான்.

வண்டிக்கிட்டத்தான் நிற்பாள், அமுக்கியிருப்பாள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், ஏறி உட்கார்ந்து ஒரே மிதி. வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு போனான்.

சந்து முனையிலேயே அலாரம் கேட்டது. வேன் நிறுத்திய இடத்தில் இல்லை. அண்டக் கொடுத்த கல்லைத் தாண்டி, வாசல் படியின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு, வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்திக் கிடந்தது. கதவு பூட்டியபடி, விளக்குகள் அணைந்து அணைந்து எரிய, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டூரிலிருந்து அலுத்துச் சலித்து வந்து, கைப்பழக்கத்தில் ஃபர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டு இறங்கியது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தான். வாய்க்காலில் இறங்கிக் கையால் துழாவினான். அவள் இல்லை. வீடு திறந்து கிடந்தது. "ராஜி! ராஜி!" என்று கத்திக்கொண்டே, ஜீப்பை அப்படியே விட்டுவிட்டு மேட்டுப் படிகளில் ஏறி ஓடினான். ஏற ஏற அழுகை வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

மேலே ஸ்கூல் மைதானத்தில் திருவிழாக் கூட்டம். பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள் என்று எல்லோரும் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். ஒரு வேப்பமரத்தடியில் ஒச்சம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள் ராஜகுமாரி.

"வாய்யா," என்றாள் ஒச்சம்மா. "உன் பொண்டாட்டிதான் என்னயப் பின்னால இருந்து நெட்டித் தள்ளி இம்புட்டு மேட்டுக்கும் ஏத்திப்புட்டா. உன் பேய் வண்டி எங்க ரெண்டு பேரையும் மோந்து பாத்துட்டுல்ல போச்சு!"

சுரேந்திரன் அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தான். "கியர்ல விட்டுட்டேன் ராஜி" என்றான்.

"தெரியும்."

"கொன்னுருப்பேனே. உன்ன நானே கொன்னுருப்பேனே." முகத்தை மூடிக்கொண்டான். பிறகு, "கோத்தகிரிக்கே போயிருவோம். நானும் வர்றேன். வேலைய எழுதிக் குடுத்துர்றேன். இனி உன்ன இங்க வச்சிருக்க மாட்டேன்" என்றான்.

கடல் கீழே எப்போதும்போலக் கிடந்தது. வார்னிங் இன்னும் இருந்தது. ஆனால் ராஜகுமாரி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டிக்கெட்டுக்குப் பேர் குடுத்து வச்சிருந்தேன்," என்றாள். "வேணாம்னு சொல்லிரப் போறேன்."

"ஏன் புள்ள?"

"அன்னைக்கி அப்பா மேட்டுக்குப் போயிருவோம், என்னய இழுத்துக்கிட்டாவது போன்னுதான் சொன்னாரு. நான்தான் விடல. உங்க மருமகன் வந்துருவாரு, நில்லுங்கன்னு நிறுத்தி வச்சேன். அலையக்கூட நான் அப்புறமாத்தான் பாத்தேன். ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்." ஒச்சம்மாவின் முழங்காலில் இருந்து கையை எடுக்காமலே பேசினாள். "இன்னைக்கி நான் அமுக்குனதும் வண்டி வாய்க்கால்ல விழுந்த ஒடன, ஐயோன்னு இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. நிக்க வேணாமேன்னு."

டிராக்டர் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வாசலில் நின்ற இரண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களை நிற்கச் சொன்னது தன் வாய்தான் என்பது ஏழு வருஷம் கழித்து அவனுக்கு உறைத்தது. குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"வேன வெளிய எடுத்ததும் எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க" என்றாள் ராஜகுமாரி. "நீங்க வர்ற வரைக்கும் நான் நிக்க மாட்டேன். இனிமே எப்பயும் நிக்க மாட்டேன்."

"நிக்காத," என்றான் சுரேந்திரன்.