மாஸ்டர் வீட்டு உப்பு

பேக்கரியில் முப்பத்தொரு வருஷம் மாவு பிசைந்தவருக்கு வீட்டிலும் மாஸ்டர் என்றுதான் பெயர். கட்டிய மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள். அவருக்கு மூக்குநுனியில் கோபம் என்பார்கள், அது தப்பு. மூக்கு வரை போகப் பொறுமையில்லாமல் வாய் வழியாகவே வெளியே வந்துவிடும்.

அன்று மனைவியோடு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அலமாரிகளைக் குடைய ஆரம்பித்தார். மனைவியின் இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் நீர் சேர்கிறது, உப்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இதற்குள் கால் வீக்கம் வடிந்திருக்க வேண்டும். வடியவில்லை, முழங்கால் வரை ஏறியிருந்தது. வீட்டில் யாரோ உப்புப் போடுகிறார்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றும் சொன்னார்.

யாரோவாம். மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்பில்லாத எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, தினமும் சாயங்காலம் தன் கையாலேயே அவளுக்குப் பீட்சா செய்து கொடுத்தவர் அவர். கடையில் விற்கும் சாஸில் உப்பு இருக்கிறதென்று தக்காளியை வாங்கி அவரே வேகவைத்தார். சீஸை ஒதுக்கிவிட்டுப் பூண்டும் வெங்காயமும் வதக்கிப் போட்டார். டாக்டர் அனுமதித்த கால் தேக்கரண்டி உப்பைக் கத்தியால் வழித்துச் சமமாக்கி மாவில் கலந்தார். அவருக்குச் சாப்பாடு பேக்கரியில் முடிந்துவிடும் என்பதால் ஒரு நாளும் ருசி பார்த்ததில்லை. அவள் மட்டும், பழைய ருசி அப்படியே இருக்கிறது என்று ரசித்துச் சாப்பிட்டாள். உப்பில்லாமலே ருசி வரவழைக்கிற கை என்று அவர் பேக்கரி முழுக்கப் பீற்றிக்கொண்டார்.

அலமாரியில் ஒன்றும் அகப்படவில்லை. அவளுடைய கைப்பையைக் கவிழ்த்தார், தலையணை உறையை உதறினார். கடைசியில் வாரம் ஒருமுறை பிஸ்கட்டோடு வந்துபோகும் மச்சினியின் மேல் சந்தேகம் விழுந்தது. போனைப் போட்டு, அக்காவைக் கொல்லத்தான் வருகிறாயா, இனி வாசற்படி ஏறினால் நடப்பதே வேறு என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வைத்தார்.

மனைவி கூடத்தில் கால்களை முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வாரமா நாக்கைக் கட்டிப்போட்டு உக்காந்திருக்கேன். நான் திருடித் தின்னேன்னு நினைச்சா நினைச்சுக்கோங்க மாஸ்டர். அவளை எதுக்கு இழுத்தீங்க?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் பொய் சொல்கிறாள் என்று நினைக்க அவருக்கு ஆத்திரம் வந்தது. பொய் சொல்லியே செத்துப்போய்விடுவாள் என்று நினைக்கப் பயமாகவும் இருந்தது.

கோபத்தையெல்லாம் மாவில் காட்டினார். அடித்து, மடித்து, பிசைந்து, ஈரத்துணியால் மூடிவிட்டு, கூடத்துக்கு வந்து விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார். மாவு ஞாபகம் வந்தபோது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது.

துணியை விலக்கினார். மாவு உருண்டு திரண்டு, சொன்ன பேச்சுக் கேட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. உப்புக் குறைந்த மாவை இவ்வளவு நேரம் விட்டால் ஈஸ்ட் தலைகால் புரியாமல் ஆடும். மாவு பொங்கித் தளர்ந்து வழியும். ஈஸ்ட்டை அடக்கி வைப்பதே உப்புதான். இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரை வேலையை விட்டு ஓட வைத்திருக்கிறார்! மூன்று வாரமாக மாவு இப்படித்தான் அடங்கிக் கிடந்தது. அவருக்கு உறைக்கவே இல்லை.

கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தார். கரித்தது.

உப்பு டப்பா இடப்பக்கம் திறந்து கிடந்தது. உள்விளிம்பில் பிசைந்த மாவு ஒட்டிக் காய்ந்திருந்தது. கால் தேக்கரண்டியை அவர் அளந்தது மாவில் தண்ணீர் விடுவதற்கு முன்னால். பேக்கரியில் மாவு திரண்டு வரும் நேரத்தில் வலது கை பிசைந்துகொண்டிருக்கும், இடது கை தானாகப் போய் உப்பை அள்ளிப் போடும். முப்பத்தொரு வருஷமாக அந்தக் கையை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சத்தம் கேட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள்.

"நான்தான். இந்தக் கைதான்," என்றார்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. முதலில் தங்கைக்குப் போன் போடச் சொன்னாள். மச்சினி பத்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். மாஸ்டர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார்.

புதிதாக மாவை எடுத்தபோது அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். டப்பாதான் உடைந்துவிட்டதே என்று அவர் எரிந்து விழுந்தார்.

"டப்பா போச்சு. கை இருக்குல்ல?"

மாஸ்டர் தன்னையே திட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் பிசைந்தார். மாவு திரண்டு வந்த நேரத்தில், அவள் பிடிக்குள் இருந்த கை வெடுக்கென்று இழுத்தது. அவள் விடவில்லை.