சீட்டில்லாதவர்களுக்கு ஒரு பேர்

குரங்கணிக்கு மேலே, ஏத்தம் முடிகிற இடத்தில், ஒரு கூரைச் சாவடி இருந்தது. அதில் பதினோரு வருஷம் காவல் இருந்தவர் மொக்கையன். மலைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை, அந்தப் பக்கம் திருவிதாங்கூர். போடியிலிருந்து ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் ஆபீசில் சீட்டு வாங்கி வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் வாங்குவதில்லை. சீட்டுக்கு மூணு நாள் காத்துக் கிடந்தால் மேலே காய் வெடித்து வீணாகிவிடும்.

அவர்களைக் கண்டால் மொக்கையன், "ஏய், திருட்டுக் கூலி! நில்லு!" என்று சத்தம் போடுவார். மேலிடம் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. அவர்களும் நிற்பார்கள். மூச்சு வாங்கி, அவரிடமே வெத்தலை வாங்கிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். அவர் பெஞ்சாதி இருளம்மாளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

"கட்டுனவளத் திருடிங்கிறீகளே, நல்லாருக்கா?" என்பாள்.

"சோலி அப்படி ஆத்தா. வெரசா நட."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் பொன்னுமணி என்கிற கங்காணி, தன் ஆட்களைத் திருட்டுக் கூலி என்று கூப்பிடக்கூடாது என்று மனுக் கொடுத்தார். சரியான வார்த்தையைத் தீர்மானிக்க, தோட்டத்துரை, வக்கீல் எல்லாரையும் சேர்த்து ஒரு கமிட்டி போட்டார்கள். கூட்டம் சாவடியிலேயே நடந்தது. மேசையையும் நாற்காலிகளையும் தலையில் சுமந்து ஏறியவர்கள் யாரிடமும் சீட்டில்லை. அவர்களை உள்ளே விடலாமா என்று யோசிப்பதிலேயே முதல் நாள் காலை போனது.

ஒருவர் 'வந்தேறி' என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட தோட்டத்துரை, கப்பலேறி வந்த தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார்கள் என்று முகம் சிவந்தார். 'அத்துமீறினவர்' என்றார் இன்னொருவர். அத்து என்றால் எல்லை, அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று வக்கீல் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மலையை அளக்க ஆளனுப்பும்படி எழுதிவிட்டு, காலில் ஏறிய அட்டைகளுக்குப் புகையிலைச் சாறு தடவியபடி விவாதத்தைத் தொடர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் பேர் முடிவானது: "உரிய சீட்டு இன்னும் கைக்கு வந்து சேராத மலையேறும் ஜனம்." காவக்காரர் ஒரு எழுத்துக் குறையாமல் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

அன்றிலிருந்து மொக்கையன் பாடு திண்டாட்டமாயிற்று. அவர் 'கைக்கு வந்து' வரைக்கும் போவதற்குள் முன்னால் போகிறவர்கள் வளைவு தாண்டிவிடுவார்கள். இருளம்மாள் மட்டும் கூடையை இறக்கி வைத்து, உட்கார்ந்து முழுசாகக் கேட்பாள்.

"உரியன்னு ஒண்ணு வரும்ல? அத விட்டுட்டீக."

அவர் மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

அடுத்த மாசம் சங்கிலியோடு ஆள் வந்து அளந்தான். எல்லை சாவடிக்கு நாற்பதடி கீழே, போடிப் பக்கமாக ஓடியது. அப்படியானால் மொக்கையன் பதினோரு வருஷமாகச் சீட்டில்லாமல் திருவிதாங்கூருக்குப் போய்வந்து கொண்டிருந்திருக்கிறார். அப்படிச் சீட்டில்லாமல் போய்வந்த ஆளை உடனே தடுத்து ஒப்படைக்கும்படி சாவடிக் காவக்காரருக்குத் தாக்கீது வந்தது.

தாக்கீதைப் படித்துச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டார் மொக்கையன். ஊரையெல்லாம் ஏசினோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன்னைத்தானே கூட்டிக்கொண்டு போடிக்கு இறங்கினார்.

ஆபீஸ் குமாஸ்தா பேனாவை நட்டுக்குத்த வைத்துக்கொண்டு விழித்தார். "ஒன்னைய என்னன்னுப்பா எழுதுறது? மலையேறும் ஜனம்னுதான் இருக்கு. நீ எறங்கில்ல வந்திருக்கே?"

"அப்ப என்ன செய்ய?"

"கமிட்டி கூடித்தான் புதுப்பேர் வைக்கணும். அதுவரைக்கும் போய்க் காவலப் பாரு."

"சாவடிக்குப் போகச் சீட்டு வேணும்ல சாமி?"

குமாஸ்தா பேனாவை மைக்கூட்டில் போட்டார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்.

மொக்கையன் தலைப்பாகையை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். மறுநாள் விடிந்ததும் இருளம்மாள் கூட்டத்தோடு மலை ஏறினார். ஆளில்லாத சாவடியைத் தாண்டும்போது எல்லாரும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் நின்றார்கள். "அட, நடங்கப்பா" என்றார் அவர்.

மிச்ச காலத்தை ஏலக்காய் காயப்போடும் புகை அறையில் கழித்தார். கண் எப்போதும் சிவந்திருக்கும். கமிட்டி மறுபடி கூடியதா என்று அவர் யாரிடமும் விசாரித்ததில்லை. மழைக்காலத்தில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று தோட்டத்தில் சொல்வார்கள்.