சக்கரக்கால் சிஸ்டர்

ஒருவரின் நாடியை எண்ணிக்கொண்டே அடுத்த படுக்கையின் சலைன் பாட்டிலை நிமிர்ந்து பார்ப்பார். பார்த்த கையோடு மூன்றாவது படுக்கைக்காரரிடம், "சாப்பிட்டீங்களா, இல்ல தட்டோட சண்ட போட்டீங்களா?" என்பார். பதில் வருவதற்குள் நாலாவது படுக்கையில் நிற்பார். பொது மருத்துவப் பிரிவின் மூத்த செவிலியர், வயது நாற்பத்தேழு. சக்கரக்கால் சிஸ்டர் என்பது நோயாளிகள் வைத்த பெயர். அது அவருக்கும் தெரியும். "சக்கரம் சரி, எண்ணெ போடத்தான் ஆளில்ல" என்பார்.

ஓட்டத்தில் அவர் சோர்ந்ததில்லை. எழுத்து வேலையில்தான் சோர்ந்தார். இருபத்திரண்டு படுக்கைகளுக்கும் காய்ச்சல், ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாம் காகிதத்தில் ஒரு தடவை, கணினியில் மறு தடவை. பணி முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் அதே வேலை. வீட்டில் மகள் கல்லூரிக் கதையை ஆரம்பித்தால், "சுருக்கமா சொல்லுடி" என்பார். "அவ என்ன கேஸ் ஷீட்டா?" என்று கணவர் கேட்பார்.

போன வருடம் ஒரு மதியம், பதினோராம் படுக்கை அம்மாள் அவர் முந்தானையைப் பிடித்தார். "கொஞ்ச நேரம் பக்கத்துல இரும்மா, பயமா இருக்கு."

"இதோ, எழுதிட்டு வந்துடறேன்மா."

எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அந்தப் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் மருத்துவர். அன்று வீட்டில் கணவரிடம், "காப்பாத்தவா கூப்பிட்டாங்க? பக்கத்துல இருக்கத்தானே கூப்பிட்டாங்க" என்றார். மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அதை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு, "எழுத்து வேலைக்கு ஒரு கருவி வருது, மூணு மாசம் பொறுங்க" என்றார்.

வந்தது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. படுக்கையருகில் நின்று அவர் சொல்வதைக் கேட்டு, உரிய கட்டங்களில் அதுவே எழுதிவிடும். முதல் வாரம் அதை நம்பவில்லை. பார்க்க வந்த ஒருவரை, "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க" என்று அதட்டியதும் ஒரு நோயாளியின் குறிப்பில் ஏறியிருந்தது. இப்போதும் ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்திய பிறகே ஒப்புதல் கொடுப்பார். "கேக்கறது அதோட வேல. கையெழுத்து என்னோடது." ஆனால் நேரத்துக்கு வீடு போகிறார். மகளின் கதையைக் கடைசிவரை கேட்கிறார். "ஒருத்தி பேச்ச கேட்டா எவ்வளவு நல்லாருக்கும்னு அந்தக் கருவிய பாத்துதான் கத்துக்கிட்டேன்" என்கிறார்.

போன வாரம் கண்காணிப்பாளர் வந்தார். "எழுத்து வேல கொறஞ்சிருக்கே சிஸ்டர். இன்னும் ஆறு படுக்கை சேத்துப் பாக்கலாமே?"

சிஸ்டர் அப்போது முக்காலியில் உட்கார்ந்து, பக்கவாதத்தில் விழுந்த தச்சர் ஒருவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. மடங்கிப்போன அந்தக் கையை மெல்ல விரித்துக் காட்டினார். வளர்ந்த நகங்கள் அழுத்தி, உள்ளங்கையில் நாலு புண்கள்.

"பத்து நாளா இங்கதான் சார் இருக்காரு. இன்னைக்கு உக்காந்தேன், தெரிஞ்சுது. அந்த நேரத்தையும் எடுத்துக்கறதுன்னா என் கடுதாசிய வெளிய எடுத்துடுங்க."

கண்காணிப்பாளர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். "சரி, இருபத்திரண்டே இருக்கட்டும்" என்றார்.

தச்சரின் கண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தன. சிஸ்டர் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த விரலை நிமிர்த்தினார்.