மண்ணீரலை எடுத்த நாள்

கல்யாணமாகி ஏழாம் மாதம் என் புருசனை ஒரு மாட்டு வண்டியின் நுகத்தடி இடித்தது. மடவளையிலிருந்து ஊர் ஊராகப் புடைவை கொண்டுபோய் விற்பவர் அவர். அந்த வருசம் எங்கு பார்த்தாலும் மலேரியா. அவரையும் மூன்று தடவை குளிர்காய்ச்சல் உலுக்கியிருந்தது. இடது விலாவுக்குக் கீழே கல்லுப்போல ஒன்று கையில் தட்டுப்படும். காய்ச்சல் கட்டி, தானாகக் கரையும் என்றார்கள்.

நுகத்தடி பட்டதும் அந்த இடத்தில்தான். கீறல்கூட இல்லை. "ஒண்டுமில்ல" என்று சிரித்துக்கொண்டே வந்து கதிரையில் உட்கார்ந்தவர், இடது தோள் வலிக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் உதடு வெளுத்தது. வயிற்றைத் தொட்டேன், பலகை மாதிரி இருந்தது.

நானும், அவருடைய நானாவான என் மூத்த மச்சானும் ஒரு காரைப் பிடித்துக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் தண்ணீர் கேட்டார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்த மௌனத்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

டாக்குத்தர் யாழ்ப்பாணத்தவர். "காய்ச்சலிலை மண்ணீரல் வீங்கிக் கிடந்திருக்குது. இப்ப வெடிச்சிட்டுது. வயித்துக்குள்ளை இரத்தம் ஓடுது. அதை எடுக்காட்டிப் பிழைக்கமாட்டார்."

"எடுத்தா பிழைப்பாரா?"

"அதைச் சொல்லேலாது, பிள்ளை. எடுத்துத்தான் பாக்கவேணும்."

மச்சான் குறுக்கே வந்தார். "வயித்தக் கீறினா மையத்துத்தான் வெளிய வரும். கையெழுத்துப் போடாதீங்க புள்ள."

பக்கத்து வாங்கில் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் மகளுக்கும் அதத்தான் எடுத்தாங்க, தங்கச்சி. அடிபடல்லாம் இல்ல. அது இரத்தத்த அழிச்சிக்கிட்டே இருந்திச்சாம், புள்ள மஞ்சளாப் போயிட்டா. இப்ப உள்ள படுத்துக்கிட்டு சோறு கேக்குறா."

மச்சானின் முகத்தைப் பார்க்காமல், சம்மதக் கடுதாசியில், அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அந்த எழுத்துத்தான். என் புருசன் செத்தால் கொன்றவள் நான் என்றுதான் ஊர் பேசும்.

சத்திரசிகிச்சை அறைக் கதவு மூடியே கிடந்தது. ஓதத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடியும் தொடங்கினேன். பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் கழிந்த பிறகுதான் டாக்குத்தர் வெளியே வந்தார். "உயிர் இருக்குது" என்றார். மூன்றாம் நாள் என் புருசன் கண் திறந்து கஞ்சி கேட்டபோதுதான் நான் அழுதேன்.

எடுத்த மண்ணீரலை மச்சான்தான் கேட்டு வாங்கினார். எங்கள் வழக்கப்படி வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்கிவிட்டு வந்து, கண் கலங்க என் முன்னால் நின்றார். "நான் பயந்துட்டேன் புள்ள" என்றார்.

"நானும்தான் மச்சான்" என்றேன்.