லாரிக்கு முன்னால் உட்கார்ந்த மாமியார்

பேஜா நகரின் ஓரத்தில், கார்களுக்குள் ஓடும் மின்வயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து கடல் கடந்து அனுப்பிய ஆலை அது. கல்யாணமான மறுமாதம் இளஞ்சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்த மப்ரூக்காவுக்கு, காதோரம் நரைத்த பின்னும் அதைக் கழற்ற மனமில்லை.

கார் கம்பெனி ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை காலை பெண்கள் வேலைக்கு வந்தபோது ஆலைக் கதவில் பூட்டு தொங்கியது. மிஷின்கள் மட்டும் உள்ளே இருந்தன. அவை இருந்தால் வேறொரு முதலாளியாவது வருவான். போய்விட்டால் வெறும் கொட்டகைதான். அதனால் பெண்கள் ஷிஃப்ட் பிரித்துக்கொண்டு கதவைக் காத்தார்கள். துவைத்த மேலங்கியோடுதான் வர வேண்டும் என்று மப்ரூக்கா கண்டிப்பாகச் சொன்னாள்.

"நாம பிச்சைக்கு உக்காரலடி. வேலைக்கு உக்காந்திருக்கோம்."

ஆனால் வீட்டு ஆண்கள் விட்டார்களா? தங்கையை அண்ணன் இழுத்துப் போனான், மனைவியைக் கணவன் அதட்டிக் கூட்டிப் போனான். வியாழன் மதியம் மிஷின்களை ஏற்ற லாரி வந்து உறுமியபோது, கதவை மறித்து நின்றவர்கள் ஏழெட்டுப் பெண்கள்தான்.

அந்த நேரம் பார்த்தா மாமியார் துஜா வர வேண்டும்! தலைமேல் போர்த்திய வெள்ளைப் போர்வையின் நுனியைப் பல்லில் கவ்வியபடி விறுவிறுவென்று வந்தாள் கிழவி.

"போச்சு," என்றாள் பக்கத்தில் நின்ற லாமியா. "லாரியக்கூடத் தடுத்துரலாம். உன் மாமியார யாரு தடுக்கறது?"

"ஏண்டி, அடுப்பு அணைஞ்சு கெடக்கு. நடுரோட்டுல உனக்கு என்னடி வேலை?" என்று மருமகளைப் பார்த்துக் கத்தினாள் துஜா.

மப்ரூக்கா லாரியைக் காட்டினாள். "மிஷினத் தூக்கிட்டுப் போறாங்க, அத்தை. போனா திரும்பி வராது."

துஜா லாரியை அண்ணாந்து பார்த்தாள். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஹாஜ்ஜா, பெரியம்மா, உங்க மருமகளக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு நேரமாகுது," என்றான்.

"உங்கம்மா இருக்காளாப்பா?"

"இருக்காங்க."

"அவளுக்குச் சோறு போடறது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"எனக்கு இவ." துஜா மப்ரூக்காவின் தோளைத் தொட்டுக் காட்டினாள். "கல்லுடைக்கப் போன என் புள்ள முதுகொடிஞ்சு படுத்தான். அன்னையிலேருந்து அவனுக்கு மருந்தும் எனக்கு ரொட்டியும் இவ கையாலதான். ஒரு நாளும் சொல்லிக்காட்டினதில்ல. நானும் ஒரு நாளும் நல்ல வார்த்தை சொன்னதில்ல."

சொல்லிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏத்தறதுன்னா என் மேல ஏத்திட்டுப் போ, ராசா."

இன்ஜின் நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பிறகு இன்ஜினைக் கிளப்பி வண்டியைப் பின்னால் எடுத்தான். காலி லாரி சாலைத் திருப்பத்தில் மறைந்ததும், பெண்கள் இட்ட குலவையில் எதிரே இருந்த கோதுமை வயலின் குருவிகளெல்லாம் பறந்தன.

மப்ரூக்கா குலவையிடவில்லை. மாமியாரின் மடியில் முகம் புதைத்துத் தேம்பினாள்.

"எந்திரிடி. துவைச்ச சட்டையெல்லாம் மண்ணாகுது," என்று துஜா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "நாளைக்கும் வருவானுங்க. நீ கதவப் பாரு. அடுப்ப நான் பாத்துக்கறேன்."