ஆயிரம் ரூபாய் இல்லாமல் கொழும்பில் இருக்க ஏலாது

போன ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் ஒரு கலியாணப் பேச்சுக்குப் போயிருந்தோம். பெண், என் மனைவி பரமேசுக்கு மருமகள் முறை. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. தங்கமான பிள்ளை... கதிரையின் நுனியில் குந்தியபடி மெதுவாகச் சொன்னார்.

“கொழும்பிலை குடும்பம் நடத்த மாசம் ரெண்டு லட்சமாவது வேணும். கொஞ்சக் காலம் அவா இஞ்சை இருக்கட்டும். பிறகு கூப்பிடுறன்.”

சபை தலையாட்டியது. நானும் பெரிய மனுசன் மாதிரி, “ஓமோம், அங்கை சரியான செலவுதானே” என்றேன்.

டக்கென்று தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம். பரமேஸ் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். 

அந்தப் பார்வைக்கு நாற்பது வயதுக்கு மேல். காரணத்தைச் சொல்கிறேன். உங்களிடம் எனக்கென்ன வெட்கம்? — வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபத்தெட்டுத் தையில் எங்களுக்குக் கலியாணம். நான் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளார்க். பரமேஸ் கிளிநொச்சிப் பக்கம் கண்டாவளையில் தகப்பன் வீட்டில். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். வயலும் ஒரு துண்டு மேட்டுக் காணியும் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை நான் பரந்தனில் ரெயிலால் இறங்குவேன். இரண்டு நாள் இருப்பேன். திரும்பவும் ரெயில்.

மூன்றாவது முறை வந்தபோதே பரமேஸ் கேட்டுவிட்டாள்.

“கொழும்பிலை ரெண்டு பேர் இருக்கிறதெண்டால் எவ்வளவு வேணும்?”

“ஆயிரம்” என்றேன், யோசிக்காமலே. “மாசம் ஆயிரம் ரூபா இல்லாமல் ஏலாது. எனக்கு வாறது அதிலை பாதி.”

பொய். பச்சைப் பொய்! கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் அதே சம்பளத்தில் மனைவி, பிள்ளையோடு வாழ்ந்துகொண்டிருந்தார். இறுக்கிப் பிடித்தால் எங்களுக்கும் காணும்.

அப்படியென்றால் ஏன் சொன்னேன்? சமறிதான் காரணம். ஊரை விட்டு வந்த உத்தியோகத்தர்கள் ஏழு பேர் சேர்ந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த வீடு அது. சமைக்க ஒரு ஆள். பின்னேரம் கடற்கரை, சனிக்கிழமை சீட்டாட்டம், இரண்டாம் காட்சிப் படம். எங்கே போனாய், ஏன் பிந்தினாய் என்று கேட்க ஒரு குருவியும் இல்லை. அந்தச் சொகுசை விட எனக்கு மனம் வரவில்லை. வேறொன்றும் இல்லை.

பரமேஸ் விரலை மடித்து ஏதோ கணக்குப் பார்த்தாள். பிறகு, “அப்ப மிச்சப் பாதியை நான் பாக்கிறன்” என்றாள்.

பகிடி என்று நினைத்தேன். இவளுக்கு எங்கே பகிடி தெரியும்? அந்த மாரியோடு, மாமாவின் மேட்டுக் காணியில் மிளகாய் நட்டுவிட்டாள். வெயில் காலம் முழுக்கக் கிணற்றில் அள்ளி இறைத்தாளாம். மிளகாய்தான் அதற்கு முந்திய வருஷங்களில் வன்னியில் கல்வீடு கட்டித் தந்தது. அந்த நம்பிக்கைதான் அவளுக்கு. நானோ கொழும்பில் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, எதிரே தானும் சோற்றுக் கோப்பையோடு இருந்தாள். பார்த்தால், கரண்டியால் சாப்பிடுகிறாள்!

“என்ன, இப்பவே கொழும்பு ஸ்டைலோ? உமக்குக் கரண்டியும் வேணுமோ?” என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். “சும்மா இருங்கோப்பா. நாலு நாளா மிளகாய்ப் பழம் ஆயிறன். விரல் எல்லாம் எரியுது. குழம்பு பட்டால் உயிர் போகுது.”

கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் வீங்கி, சிவந்து, தேங்காயெண்ணெயில் பளபளத்தன. 

அந்த நேரம் பார்த்து மாமா படலையைத் திறந்து வந்தார். பரந்தன் கடைக்காரரிடம் விலை கேட்கப் போனவர்.

“செத்தல் மிளகாயைக் கேப்பாரில்லை பிள்ளை. வெளிநாட்டு மிளகாய் கப்பலிலை வந்து குவியுதாம். பாதி விலையும் தரமாட்டாங்களாம்.”

அழுவாள் என்று பார்த்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“பறவாயில்லை. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுவம். ஒரு வருஷம்தானே...”

இன்னும் ஒரு வருஷம்! அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாமா கிணற்றடிக்குப் போகும்வரை பொறுத்திருந்து சொல்லிவிட்டேன். ஆயிரம் தேவையில்லை, என் சம்பளமே போதும், எல்லாம் என் சோம்பேறித்தனம் என்று. 

பரமேஸ் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள். குசினி வாசலில் நின்று சொன்னாள்:

“காசு காணாதெண்டபடியால்தான் பொறுத்துக்கொண்டு இருந்தனான். வரவேண்டாம் எண்டு சொல்லியிருந்தால் அண்டைக்கே வந்திருப்பன்.” பிறகு, “எப்ப ரெயில்?” என்றாள்.

வந்தாள். வெள்ளவத்தையில் ஒரு அறை. குசினி இரண்டு குடும்பத்துக்குப் பொது. முதல் நாள் சந்தையில் கறிவேப்பிலைக்குக் காசு கேட்டதும், “இலைக்கும் காசோ?” என்று அவள் போட்ட சத்தத்தில் கடைக்காரன் சும்மாவே ஒரு கொத்துத் தந்தான். மாதக் கடைசியில் பாணும் சம்பலும். பின்னேரங்களில் ரெயில் பாதையைத் தாண்டிப் போய்க் கல்லில் இருந்து கடலைப் பார்ப்போம். கடலை கொறித்துக்கொண்டு அவள் ஊர்க்கதை கதைப்பாள். அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. சமறி ஒருநாள்கூட ஞாபகம் வரவில்லை.

ஒரு பெரிய நகரத்தில் வாழ எவ்வளவு வருமானம் வேண்டும்? அவரவர் சம்பளம், அவரவர் வயிறு. ஆனால் ஆம்பிளைகள் சொல்லும் தொகையில் பாதி வாடகையும் சாப்பாடும். மீதி, தட்டிக்கழிக்கச் சொல்லும் சாட்டு.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு எங்களைத் துரத்தியது. உடுத்த உடுப்போடு கண்டாவளைக்குத் திரும்பி வந்தோம். மாமா வீட்டு முற்றத்தில், ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பரமேஸ் சட்டென்று கையை நிறுத்தினாள்.

“நாலு வருஷம்தான் இருந்தனாங்கள். அந்த முதல் ஒண்டரை வருஷமும் சேர்ந்து இருந்திருக்கலாம், என்னப்பா?”

“ஓம்” என்றேன்.